பசுவின் உணவும் பாலின் தன்மையும்

மாடு என்னுஞ் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. ஆனிரையே ஒருவனது கைப்பொருளாய் இருந்த காலத்தின் நினைவு அச்சொல்லில் இன்றும் தங்கியிருக்கின்றது. திருமூலர், இறைவனுக்குப் பச்சிலை சாத்துவதையும் பசுவுக்குக் கைப்பிடிப் புல் கொடுப்பதையும் ஒரே வரிசையில் வைத்து, வறியவராலும் செய்யத்தக்க அறங்கள் இவை என்று உணர்த்தினார். பசுவுக்குப் புல் கொடுத்தல் அறமென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின் எப்புல்லை, எவ்வளவாக, எவ்வேளையில் கொடுப்பது என்னும் கேள்விக்கு அறநூல் விடை கூறாது. அதனை ஆராய்ச்சியினாலும் அனுபவத்தினாலுமே அறிதல் வேண்டும். அக்கேள்வியை மலைநாட்டுப் பால் மாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை எழுதுபவன் கலைப் பட்டதாரியே அன்றிக் கால்நடை மருத்துவன் அல்லன். மாடு வளர்த்த வீட்டிற் பிறந்தவன் என்பதும், கற்றவற்றை ஊராருக்கு எடுத்துச் சொல்லுதல் ஆசிரியன் கடன் என்பதுமே யான் கொண்ட உரிமை.

இக்காலத்துக் கால்நடைத் தீவன வணிகத்தில் மூலிகை என்னுஞ் சொல் பெருமதிப்புப் பெற்றுள்ளது. பால் பெருகும், கொழுப்புக் கூடும், நோய் அணுகாது என்னும் உறுதிமொழிகளுடன் மூலிகைத் தூள்கள் பொதிகளாக விற்கப்படுகின்றன. இவ்வார்வத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் மேலைநாடுகளிற் பண்ணை விலங்குகள் விரைந்து வளரும்பொருட்டு நுண்ணுயிரெதிரி மருந்துகளைச் சிறிய அளவில் தீனியுடன் கலந்து கொடுத்து வந்தனர். இவ்வழக்கத்தால் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் தோன்றி மனிதரையும் தாக்கக்கூடும் என்று 1969இல் பிரித்தானியாவில் சுவான் குழு எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு முதல் வளர்ச்சிக்காக நுண்ணுயிரெதிரிகளைத் தீனியிற் சேர்ப்பதை விலக்கியது. விலக்கிய மருந்தின் இடத்துக்கு வேறொன்றைத் தேடியபோதே, நம் அடுக்களைப் பொருள்களாகிய உள்ளி, ஓமம், கறுவா, கராம்பு ஆகியன ஆய்வுகூடங்களிற் பெரிதும் கவனம் பெற்றன. அவ்வாராய்ச்சிகளிற் பல இறைச்சியின் தரத்தைப் பற்றியன. நமக்கு வேண்டுவது பால். எனினும் விலங்கு உண்டது அதன் உடலிலும் சுரப்பிலும் வெளிப்படும் என்னும் விதி இரண்டுக்கும் பொதுவேயாம்.

மழையும் புல்லும்

ஹற்றனுக்குக் கீழே, கொழும்பிலிருந்து பதுளை செல்லும் புகையிரதப் பாதையில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1000 மீற்றர் உயரத்தில் வட்டவளை அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் மலைச்சரிவுகளுள் ஒன்றாதலின் இங்கே ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்யும். இலங்கையில் மிக்க மழை பெறும் இடங்களுள் இதுவும் ஒன்று. மழை மிகுந்தால் புல் மிகும், புல் மிகுந்தால் பால் மிகும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அவ்வளவு நேரானதன்று.

பசுவுக்கு உணவாவது புல்லிலுள்ள நீரன்று. நீர் நீங்கியபின் எஞ்சும் உலர்பொருளே. 400 கிலோகிராம் நிறையுள்ள கறவைப் பசு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிலோகிராம் உலர்பொருள் உண்ணல் வேண்டும். நூற்றுக்கு இருபது பங்கு உலர்பொருளுள்ள புல்லாயின் 60 கிலோகிராம் போதும். அடைமழைக் காலத்தில் இளம்புல்லின் உலர்பொருள் நூற்றுக்குப் பதினைந்தாகக் குறையுமாயின் 80 கிலோகிராம் வேண்டும். பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்ணொருத்தி, மாலையில் வழுக்கும் மலையில் புல்லறுத்துத் தலையிற் சுமந்து வரும் கட்டு எத்தனை கிலோகிராம் இருக்கும்? முப்பது என்று கொண்டாலும் பசு வேண்டுவதிற் பாதிதான். பசுவின் வயிறு புடைத்துத் தோன்றினும் அதன் உடல் பசித்தேயிருக்கும். அன்றியும், பெருமழை மண்ணின் தாதுப்புக்களைக் கரைத்துச் செல்வதால் அங்கு வளரும் புல்லும் தாதுப்புக் குறைந்ததாகலாம். ஆகவே மலைநாட்டுப் பசுவின் முதற்குறை மூலிகைக் குறையன்று. உலர்பொருட் குறையும் தாதுப்புக் குறையுமே ஆகும்.

இக்குறையை நீக்கும் பொருள்கள் நம் கண்முன்னரே உள்ளன. பழைய தேயிலையைப் பிடுங்கி மீண்டும் நடுமுன் மண்ணை வளப்படுத்துவதற்காகத் தோட்டங்களில் வளர்க்கும் குவாட்டமாலாப் புல், முற்றுமுன் அறுத்தால் மாட்டுக்கும் உணவாகும். கோயம்புத்தூரிற் கம்பையும் யானைப்புல்லையும் இணைத்து உண்டாக்கிய சீ.ஓ.-3 என்னும் புல் இலங்கையிலும் பரவியுள்ளது. புல்லிற் குறைவாயுள்ள புரதத்தை நிறைவு செய்ய, தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கின் இலையும், வேலியில் நிற்கும் கிளிரிசீடியாவின் இலையும் உதவும். கிளிரிசீடியா இலையின் உலர்பொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதமாகும். அதன் மணத்தைப் பசு முதலில் வெறுக்கும். வாடவிட்டுப் புல்லுடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தால் பழகிக்கொள்ளும். களைகொல்லி தெளித்த மலையில் மட்டும் புல் அறுத்தல் கூடாது.

அம்பேவல, போபத்தலாவ முதலிய பெரும் பண்ணைகளில் தீனியை அளந்து கொடுக்க அறிஞர் உளர். வட்டவளையிலேயே, தேயிலை வளர்ந்த லொனக் தோட்டத்தில், அண்மைக் காலத்திற் பெரும் பாற்பண்ணையொன்று அமைக்கப்பட்டது. ஆயின் லயத்தின் பின்புறத்தில் ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் குடும்பத்துக்குத் துணையாவன இரண்டே: முதியோர் சொல், பொதி விற்பவர் சொல். இவ்விரண்டையும் எடைபோட்டுப் பார்க்கும் அறிவு அக்குடும்பத்துக்கு வேண்டும்.

பசுவின் வயிற்றில் நிகழ்வது

எடைபோடுவதற்கு முன் பசுவின் செரிமானத்தை அறிதல் நன்று. அதன் இரைப்பை நான்கு அறைகளை உடையது. அவற்றுள் முதலாவதாகிய முதலிரைப்பை, வளர்ந்த பசுவில் நூறு லீற்றருக்கும் மேற்பட்ட கொள்ளளவுள்ள பெருந்தாழி போன்றது. அங்கே பற்றீரியாக்களும் ஓரணு உயிர்களும் பூஞ்சைகளும் எண்ணிறந்து வாழ்கின்றன. நம்மாற் செரிக்க இயலாத புல்லின் நாரை அவை நொதிக்கச் செய்து அமிலங்களாக்குகின்றன. அவ்வமிலங்களுள் அசற்றிக்கமிலம் பாலின் கொழுப்புக்கு மூலப்பொருளாகின்றது; புரொப்பியோனிக்கமிலம் ஈரலிற் குளுக்கோசாக மாறிப் பாலின் சர்க்கரைக்கு உதவுகின்றது. நார் மிகுந்த உணவு முன்னதையும், மாப்பொருள் மிகுந்த உணவு பின்னதையும் பெருக்கும். தவிட்டையும் மாவையும் மிகுதியாகக் கொடுத்துப் புல்லைக் குறைத்தால், பாலின் அளவு கூடினும் கொழுப்புக் குறைவதன் காரணம் இதுவே. கொழுப்பையும் கொழுப்பல்லாத திண்மத்தையும் அளந்தே பாலுக்கு விலை கொடுக்கப்படுவதால், இவ்விதியை அறியாதவன் அளவில் ஈட்டியதை விலையில் இழப்பான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மனிதன் உண்ணும் மருந்து நேரே அவன் குடலை அடைகின்றது. பசு உண்ணும் மூலிகையோ முதலில் அந்நுண்ணுயிர்களின் கையிற் சேர்கின்றது. மூலிகை அவற்றை மாற்றும். அவையும் மூலிகையை மாற்றும். மனிதருக்கு நலம் செய்யும் மூலிகை பசுவுக்கும் அவ்வாறே செய்யும் என்று கொள்ளல் ஆகாது.

நிறமும் மணமும்

உணவு பாலில் வெளிப்படும் விதத்தை நிறத்திற் காணலாம். பசும்புல்லிலுள்ள கரோட்டீன் என்னும் மஞ்சட்பொருள் பசுவின் பாற்கொழுப்பிற் கலந்து அதற்கு இளமஞ்சள் நிறம் தருகின்றது. எருமை அப்பொருளை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றிவிடுதலின் அதன் பாலும் நெய்யும் வெண்மையாயிருக்கும். பசும்புல் உண்ட மாட்டின் இறைச்சியில் உயிர்ச்சத்து ஈ மிகுந்திருப்பதால் அதன் செந்நிறம் விரைவில் மங்காது என்று இறைச்சி ஆய்வாளர் கண்டதும் இதனோடு ஒப்பிடத்தக்கது. பொதியில் அடைத்த தூள்களிற் பலர் தேடும் நன்மைகளுட் சில, எளிய பசும்புல்லிலேயே உள்ளன.

மணத்தைப் பற்றிச் சொல்லுமிடத்து, என் வீட்டு நிகழ்ச்சியொன்றைக் கூற வாசகர் பொறுத்தருள்வாராக. யான் சிறுவனாயிருந்தபோது எங்கள் குடும்பத்தில் ஒரு பசு இருந்தது. ஒரு மழைக்காலத்திற் புல் கிடைக்காமையால் எந்தையார் ஹற்றன் சந்தையிற் கழித்த லீக்ஸ் தாள்களைச் சாக்கிற் கட்டிக் கொண்டுவந்து போட்டார். பசு ஆவலோடு தின்றது. மறுநாட் காலை பால் சேகரிக்கும் இடத்துக்கு என் தாயார் கொண்டு சென்ற பாலை அங்கிருந்தவர் முகர்ந்து பார்த்து, ஏதோ கலந்திருக்கின்றீர் என்று பலர் முன்னிலையில் கூறித் திருப்பிவிட்டார். தாயார் மறுமொழி சொல்லாது பாத்திரத்துடன் திரும்பி வந்தார். அதன்பின் ஒரு கிழமை அவர் அவ்விடத்துக்குச் செல்லவில்லை. கடைக்காரரின் கடன் அந்த மாதம் தீரவுமில்லை. பாலிற் கலந்திருந்தது வேறொன்றுமன்று, லீக்ஸின் மணமே என்பதை யான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்து நூலொன்றைப் படித்தபோதுதான். அதனை யான் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் நான் பொய் சொல்லவில்லை என்று அந்த மனிதருக்கு யார் சொல்வது?" என்று மட்டும் கேட்டார்.

வெங்காயம், உள்ளி, லீக்ஸ் முதலியவற்றின் ஆவியாகும் பொருள்கள் குடல் வழியாக மட்டுமன்றிச் சுவாசத்தின் வழியாகவும் குருதியிற் கலந்து, குறுகிய நேரத்திற் பாலை அடைகின்றன. சில மணி நேரம் சென்றபின் குருதியிலிருந்து நீங்கும்போது பாலிலும் குறைந்துவிடும். ஆகவே மணமுள்ள தீனியைக் கறவைக்கு முன் நான்கைந்து மணி நேரத்துள் கொடாது, கறந்த பின்னரே கொடுத்தல் வேண்டும். அதிலும் வெங்காய இனத் தாள்களை மிகுதியாகக் கொடுத்தாற் பசுவின் செங்குருதி அணுக்கள் சிதைந்து சோகை உண்டாகும். இச்சிறு விதியை எங்கள் லயத்தில் ஒருவர் அறிந்திருந்தால் ஒரு தாயின் நற்பெயர் காக்கப்பட்டிருக்கும்.

மூலிகைகள் செய்வதும் செய்யாததும்

இனி மூலிகைகளின் செயலை நோக்குவோம். ஓமத்திலுள்ள தைமோல், கறுவாவின் எண்ணெய், கராம்பின் எண்ணெய், உள்ளியின் கந்தகப் பொருள்கள் ஆகியன முதலிரைப்பை நுண்ணுயிர்களுட் சிலவற்றை அடக்க வல்லன. தீனியின் ஆற்றலில் ஒரு பகுதி மெதேன் வாயுவாகப் பசுவின் வாய்வழி வீணாகின்றது. இம்மூலிகைகள் அவ்விழப்பைக் குறைத்தல் கூடும் என்று கண்ணாடிக் குழாய்ப் பரிசோதனைகள் காட்டின. ஆயின் குழாயிற் கண்டது பசுவில் எப்பொழுதும் நிகழ்வதில்லை. நுண்ணுயிர்கள் நாளடைவில் மூலிகைக்குப் பழகிவிடுதலும் உண்டு. அளவு மிகுந்தால் தீயவற்றுடன் நல்லனவும் அழிந்து நார் செரிப்பது தடைப்படும்.

தேயிலையும் இவ்வாறானதே. அதிலுள்ள தனின் என்னும் துவர்ப்பொருள் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அளவாயிருப்பின் தீனியின் புரதம் முதலிரைப்பையில் வீணே சிதையாது குடலை அடைந்து பசுவுக்குப் பயன்படும். அளவு மிஞ்சினாற் பசு உண்ண மறுக்கும், உண்டாலும் செரியாது. தேயிலைக் கழிவு இலவசமாகக் கிடைக்கின்றதே என்று வாளி வாளியாகக் கொட்டுவது பயன் தராது.

மூலிகை என்றால் தீங்கற்றது என்னும் எண்ணமும் பிழையானது. மலைச்சரிவெங்கும் பூத்துக் கிடக்கும் நாயுண்ணிச் செடி மாட்டின் ஈரலைக் கெடுத்து, வெயில் பட்டால் தோல் வெடிக்கச் செய்யும். புரதம் நிறைந்த இப்பில்-இப்பில் இலையிலும் மைமோசின் என்னும் நஞ்சு உண்டு. அவுஸ்திரேலியாவில் அவ்விலையை மிகுதியாக உண்ட மாடுகள் மயிர் உதிர்ந்து மெலிந்தன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே உண்டு நலமாயிருந்தன. றேமண்ட் ஜோன்ஸ் என்னும் அறிஞர் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, ஹவாய் ஆட்டின் முதலிரைப்பையில் அந்நஞ்சைச் சிதைக்கும் நுண்ணுயிர் உண்டென்று உய்த்துணர்ந்தார். 1980களில் அவ்வாட்டின் முதலிரைப்பை நீரை அவுஸ்திரேலிய மாடுகளுக்குப் புகட்டியபோது அவையும் நஞ்சைத் தாங்கின. 1992இல் அப்பற்றீரியாவுக்குப் பெயரிட்டோர் அவர் பெயரையே அதனுடன் இணைத்தனர். ஒரு தழை உணவா நஞ்சா என்பது அத்தழையை மட்டும் பொறுத்ததன்று, உண்ணும் வயிற்றையும் பொறுத்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பால் பெருக்கும் மூலிகைகளாகச் சாத்தாவாரி, வெந்தயம், முருங்கையிலை ஆகியவற்றை நம் முன்னோர் போற்றினர். இவற்றைச் சேர்த்தபோது சில ஆய்வுகளிற் பால் ஓரளவு கூடிற்று. சிலவற்றில் வேறுபாடு தோன்றவில்லை. முருங்கையிலை புரதமும் தாதுப்பும் நிறைந்ததாதலின் மருந்தாக மட்டுமன்றி உணவாகவும் பயன்படும். ஆயின் உலர்பொருள் போதாத பசுவின் மடியிலிருந்து எந்த மூலிகையும் பாலை உண்டாக்கித் தர இயலாது.

மடியின் நலம்

பாலின் தரத்தை மூலிகை நேரே காக்கத்தக்க இடம் ஒன்று உண்டு, அது மடி. சேறும் ஈரமும் நிறைந்த தொழுவங்களில் மடிவீக்க நோய் மிகுதி. அந்நோயாற் பாலின் சர்க்கரை குறைந்து உப்புச்சுவை ஏறும். புரதத்தின் தன்மையும் கெடும். மடி வீங்காமலே உள்ளே நோய் மறைந்திருத்தலும் உண்டு. அதனைத் தொழுவத்திலேயே கண்டறியும் எளிய முறையொன்று 1957இல் கலிபோர்னியாவில் அமைக்கப்பட்டது. இன்றும் கால்நடை வைத்தியர் அதனைக் கையாளுகின்றனர். நோய்க்கு நுண்ணுயிரெதிரி மருந்து ஏற்றினால், குறித்த நாட்கள் கழியும்வரை அப்பாலை விற்றலும் உண்ணலும் ஆகாது. அவ்வாறான பாலை உறையிட்டால் தயிர் உறையாமற் போவதை இல்லத்தரசியர் சிலர் கண்டிருப்பர். உறையிலுள்ள நல்ல பற்றீரியாக்களையும் மருந்து அடக்கிவிடுவதே காரணம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் நிறுவப்பட்டது. அதனைச் சார்ந்த அறிஞர்கள் தஞ்சாவூரில் மரபு மாட்டு வைத்தியத்தை ஆராய்ந்து, மடிவீக்கத்துக்கு ஒரு பூச்சு மருந்தைப் பரப்பினர். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சட்டூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிப் பால் முழுவதையும் கறந்தபின், நீரிற் கரைத்து நாளொன்றுக்குப் பலமுறை பூசுவர். இந்தியாவின் தேசியப் பால்வள வாரியமும் இம்முறையைப் பால் உற்பத்தியாளரிடையே எடுத்துச் சென்றது. இது நோயின் தொடக்கத்திற் செய்யத்தக்கது. காய்ச்சல் கண்டாலோ பாலிற் குருதி தோன்றினாலோ கால்நடை வைத்தியரை அழைத்தலே கடன். நம் பாட்டிமார் அறிந்த மூன்று பொருள்களை அளவு குறித்து, முறை வகுத்து, ஊர் ஊராகச் சோதித்தமையாலேதான் அவை அவையேறின என்பதை நாம் கருதல் வேண்டும்.

செய்யத்தக்கது

பொதித் தூளை வாங்குமுன் ஒவ்வொரு வீட்டினரும் ஓர் எளிய சோதனை செய்யலாம். இரண்டு கிழமை தூளின்றியும், இரண்டு கிழமை தூளுடனும், மீண்டும் இரண்டு கிழமை தூளின்றியும் காலை மாலைப் பாலை அளந்து கொப்பியிற் குறிக்க. மூன்றாம் பகுதி இன்றியமையாதது. ஏனெனில் கன்று ஈன்று ஆறு முதல் எட்டுக் கிழமை வரை பால் இயல்பாகவே ஏறிப் பின்னர் இறங்கும்; அவ்வேற்றத்தைத் தூளின் பயனென்று மயங்குவோர் பலர். சோதனைக் காலம் முழுவதும் புல்லும் தவிடும் மாறாதிருத்தலும் வேண்டும். தூள் வாங்கிய ஆர்வத்திற் புல்லையும் கூட்டிப் போட்டுவிட்டுத் தூளைப் புகழ்வது மனித இயல்பு. இறுதியிற் கூடிய பாலின் விலை தூளின் விலையைத் தாண்டுகின்றதா என்று கணக்கிடுக. தாண்டவில்லையாயின் அப்பணத்தைத் தாதுப்புக்கும் புல் நாற்றுக்கும் செலவிடுக.

மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. எங்கள் லயத்தில் மாட்டு வைத்தியம் அறிந்த முதியவர் ஒருவர் இருந்தார். வயிற்றுப்பொருமலுக்கும் கழிச்சலுக்கும் அவர் பறித்து வந்த தழைகள் பல. அவற்றின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. அவருடன் அவ்வறிவும் மறைந்தது. இன்றும் தோட்டந்தோறும் அத்தகைய முதியோர் ஓரிருவர் உளர். விடுமுறையில் அவர்களை அணுகித் தழையின் ஊர்ப்பெயர், பயன்படும் உறுப்பு, அளவு, கொடுக்கும் வேளை, கண்ட பயன் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்க. தழையின் மாதிரியை உலர்த்திப் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்திற் காட்டினால் அதன் சரியான பெயர் விளங்கும். பின்னரே அறிஞர் அதனைச் சோதித்தல் இயலும்.

2021, 2022ஆம் ஆண்டுகளிற் பால்மாவுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. பசுமை சூழ்ந்த இம்மலைகளிலும் குழந்தைகள் பாலின்றித் தேநீர் அருந்தினர். பசுவுக்கு நிறைய நல்ல புல், அளவான தாதுப்பு, தூய நீர், உலர்ந்த தொழுவம் ஆகியவற்றை முதலிற் கொடுப்போம். அதன்மேல் சோதித்தறிந்த மூலிகையைத் துணையாகச் சேர்ப்போம். இவ்வரிசை மாறாதிருப்பின், பசுவுக்குக் கொடுக்கும் கைப்பிடிப் புல் அறமாவதோடு, குழந்தையின் கோப்பையிற் பாலாகவும் திரும்பும்.